ஐஸ் ரூமில் நான்கு வகைச் சோளம்

சோள ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பாத்தி பிரிப்பது, எந்த ரகம் எந்தப் பாத்தியில் என்று குலுக்கிப் போடுவது, மணி எண்ணுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதற்கெல்லாம் இப்போது செல்போனிலேயே வழி வந்துவிட்டது. வேலை பார்த்த காலம் முழுக்கச் சோளத்தோடு இருந்தவள் நான். அதில் மூன்று நாளை மட்டும் சொல்கிறேன். அந்த மூன்று நாளில் நடந்ததெல்லாம் பட்டப்பகலில்தான். ஆனாலும் ஓய்வு பெற்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை எழுத உட்கார்ந்தபோது, முதலில் எழுந்துபோய் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் சோதனை வயல் இருந்தது. உப்பு ஏறிய மண்ணில் எந்தச் சோளம் நிற்கிறது, எது நல்ல மணி தருகிறது, எது நன்றாக மால்ட் ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பன்னிரண்டு ரகத்தில் தொடங்கி, இரண்டு பருவம் கழித்து நான்கில் வந்து நின்றோம். மூன்றாம் எண் சிவப்பு மணி. துவர்ப்பு அதிகம், குருவியும் கிளியும் அதன் பக்கம் போகாது. ஐந்து, உள்ளூர்க்காரர்கள் மாட்டுத் தட்டைக்காக விரும்பும் உயரமான ரகம். எட்டாம் எண் மணி பெரியது, பார்க்க அழகு. ஒன்பது குட்டை, மங்கிய வெள்ளை, சின்ன மணி. விவசாயிகள் யாருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. மேசைமேல் சின்னத் தட்டில் முளைகட்டிப் பார்த்தபோது அதைப் போல இனிப்பு மாவு வேறு எதிலும் வரவில்லை.

ஊறிய சோளம் முளைவிடும்போது மணிக்குள் இருக்கும் மாவு கரைந்து இனிப்பாக மாறத் தொடங்கும். சரியான நேரத்தில் அதை நிறுத்திக் காயவைத்து, வேரையும் முளையையும் தேய்த்துப் போக்கிவிட்டு அரைத்தால் மால்ட். அதில் காய்ச்சும் கஞ்சி இளக்கமாக இருக்கும், சத்து குறையாது, கைக்குழந்தையும் குடிக்கும். சோள முளையில் விஷம் உண்டு என்பதால் தேய்த்துப் போக்குவதில் மட்டும் நாங்கள் மிகவும் கறாராக இருப்போம். ஆபத்து என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

எங்கள் படிவத்தில் இன்னொரு கட்டமும் இருந்தது. முளைப்பு இழப்பு. முளைகட்டுவதற்கு முன் இருந்த எடைக்கும் பின்னால் இருக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசம். நான்கு ரகத்திலும் ஒன்பதுதான் அதிகமாக இழந்தது. நான் அந்த எண்ணை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன்.

சுண்ணாம்புக்குளத்தில், ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். இறால் குறைந்துபோனதால் மால்ட் மாவு தயாரிக்கும் வேலையை அவர்கள் கேட்டார்கள். எந்த ரகத்தை அவர்கள் கையில் கொடுப்பது என்று முடிவு செய்ய, தட்டில் பார்த்தால் போதாது. பெரிய அளவில், அவர்கள் இடத்தில், அவர்கள் கையால் செய்து பார்க்க வேண்டும். குழுவிலிருந்து இரண்டு பேர் என்னோடு வேலைக்கு வந்தார்கள். ஸ்டெல்லா, தேசம்மா. இருவருக்கும் நாற்பது வயது இருக்கும். ஸ்டெல்லா அதிகம் பேசமாட்டாள். தேசம்மா மூச்சு விடாமல் பேசுவாள்.

இடம் ஸ்டெல்லாவின் அப்பாவுடையது. அவள் அவரை நைனா என்று கூப்பிடுவாள், ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது. லாரி வரும்வரை இறாலை வைத்திருக்க அவர் ஒரு காலத்தில் ஐஸ் ரூம் நடத்தினார். ஊருக்கு வெளியே, கரையோரம். இரட்டைச் சுவர், நடுவில் உமி. தரை பூமிக்குக் கீழே, மூன்று படி இறங்க வேண்டும். ஒரே கதவு. ஐஸ் உருகும் தண்ணீர் வெளியேறத் தரையோடு ஒரு துளை, அது ஏரிப் பக்கச் சரிவில் திறந்தது. வெயிலும் காற்றும் அண்டாமல், ஈரமும் சூடும் மாறாமல் இருக்கும் அறை. முளைகட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

ஒத்திகைக்குக் கொஞ்சம் சோளம் போட்டுப் பார்த்தோம். துளைக்குப் பக்கத்தில் இருந்த குவியல் மட்டும் சீக்கிரம் காய்ந்தது. நான்கு ரகத்தை ஒப்பிடும்போது ஒன்றுக்கு மட்டும் காற்று பட்டால் அது நியாயமான ஒப்பீடு இல்லை. துளையில் சாக்கைத் திணித்துக் களிமண் பூசச் சொன்னேன். பூசி முடித்ததும் நானே போய் விரலால் அழுத்திப் பார்த்தேன். நன்றாக அடைத்திருந்தது.

பிறகு நான்கு மூலையிலும் நான்கு குவியல், ஒவ்வொன்றும் நூறு கிலோ. காலையும் மதியமும் உள்ளே இறங்கிக் கையால் புரட்டிவிட வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை புரட்டிவிட்டு மேலே வந்த ஸ்டெல்லா கையைக் கழுவாமல் அப்படியே நின்றாள்.

"மேடம், உள்ள யாரோ கீறாங்க."

"யாரு?"

"தெரில. நம்ம முதுகாண்ட நின்னுனு மூச்சு வுடற மாதிரி கீது. தலைய வேற வலிக்குது."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஊர்க்காரர்கள் ஒருமுறை பேய் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த அறைக்குள் ஒருவரும் இறங்கமாட்டார்கள், இரண்டு பருவ உழைப்பு போய்விடும். அதுதான் என் பயம். "காலையில சாப்பிட்டியா ஸ்டெல்லா? வெறும் வயித்தோட குனிஞ்சு நிமிர்ந்தா அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவள் கையைக் கழுவப் போனாள்.

அன்று மதியம் சூடு பார்க்க நானே இறங்கினேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று குவியலும் இளஞ்சூடு. ஒன்பதாம் எண்ணில் கை வைத்தால் காய்ச்சல் கண்ட உடம்பைத் தொட்டது போல இருந்தது. அறையில் சன்னமாக ஒரு சத்தம். மணிகள் ஒன்றையொன்று தள்ளி வேர் விடும் சத்தம் அது, எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் தட்டில் கேட்பது வேறு. நானூறு கிலோ மணி ஒரே நேரத்தில் அசைவது வேறு. வெப்பமானியைச் செருகிவிட்டு ஒன்பதாம் குவியல்மேல் குனிந்திருந்தேன்.

எனக்குப் பின்னால் ஒருவர் நிற்பது தெரிந்தது.

தோன்றியது என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அப்போது அது தோன்றலாக இல்லை, தெரிந்தது. மிக அருகில், நான் குனிந்தது போலவே குனிந்து, நான் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு. என் மூச்சு ஓடிவந்தவளைப் போல இரைத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பினேன். யாரும் இல்லை. படிகளுக்கு மேலே கதவளவு வெயில் மட்டும் இருந்தது. வெப்பமானியை எடுக்கக்கூடத் தோன்றாமல் மேலே ஏறி வந்துவிட்டேன்.

வெளியே வந்து ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஏரி இருந்தது, தூரத்தில் நாரைகள் நின்றன, யாரோ வலை உதறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா மேடம், மூஞ்சி இப்டி வேர்த்துகீது?"

"உள்ள சூடு. அதான்."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேற என்ன இருக்கும்? சோளம்தான் இருக்கு" என்று சிரித்தேன். பதிவேட்டில் நான்கு குவியலின் சூட்டை எழுதினேன். ஒன்பதின் சூடு என் நினைவில் இருந்தது. வேறு எதையும் எழுதவில்லை. காலையில் அவளைக் கடிந்துவிட்டு மதியம் நானே அதையே சொல்வதா? என் படிப்புக்கு அது அவமானம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை புரட்டியது தேசம்மா. அரைகுறையாகப் புரட்டிவிட்டு அவசரமாக மேலே வந்தவள், கையில் கற்பூரத் தட்டோடு என்னிடம் வந்தாள். தினமும் வேலை தொடங்குமுன் வாசலில் கற்பூரம் ஏற்றுவது அவள் வழக்கம்.

"நிக்க மாட்டேங்குது மேடம். மேல் படில ஸோக்கா எரியுது. கீழ் படிக்கு எட்த்துனு போனா பொசுக்குனு அணையுது. யாரோ ஊதற மாதிரி. மூணு வாட்டி பாத்துட்டேன்."

"காத்து அடிச்சிருக்கும்."

"உள்ள ஏது மேடம் காத்து? ஓட்டயதான் அடைக்கச் சொல்ட்டீங்களே."

இந்த வாக்கியத்தை நான் காதால் கேட்டேன். ஒரு சோதனைக்கூடத்தில் யாராவது என்னிடம், கீழே வைத்தால் விளக்கு அணைகிறது என்று சொல்லியிருந்தால் அடுத்த நொடி ஆட்களை வெளியேற்றியிருப்பேன். கற்பூரத் தட்டோடு வந்து ஒரு மீனவப் பெண் சொன்னதால் அது எனக்கு வேறு கதையாகக் கேட்டது. இந்த இடத்தை நீங்கள் மறக்க வேண்டாம். அவள் செய்தது சோதனை. மூன்று முறை செய்து, மூன்று முறையும் ஒரே முடிவைக் கண்டு வந்து சொன்னாள்.

நைனாவும் அங்கே இருந்தார். ரூம் பக்கமே வராமல், தூரத்தில் கவிழ்த்துப் போட்ட தோணி மேல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய், "நீங்களே சொல்லுங்க, இந்த ரூம்ல ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று சொன்னால் இவர்கள் பயம் தெளியும் என்று ஒரு கணக்கு.

"நான் ஐஸ் போட்ட காலத்துல ஒண்ணுமே கெடயாது. தனியா போவேன், வருவேன். வெயிலுக்கு உள்ளயே பட்த்து தூங்கிக்கூட கீறேன்."

"கேட்டியா தேசம்மா?"

"முழுசா கேளுங்கோ மேடம்" என்றார் நைனா. "அப்ப இல்ல. நீங்க வந்த பொறவுதான் வந்துகீது. சோளத்தோட வந்துது."

"என்ன வந்துச்சு?"

"அது எனக்கு இன்னா தெரியும்? உங்களுக்குத்தான் தெரியணும்."

அலுவலகத்திலிருந்து எங்கள் பிரிவுத் தலைவர் போன் செய்தார். எப்படிப் போகிறது என்றார். ஒன்பது பிரமாதமாக வருகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். நான் ரூமுக்குப் பின்னால், பூவரச மரத்தடியில் மாதிரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். தேசம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவள் வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இறங்குவதாக ஏற்பாடு. அப்போது தேசம்மா குடத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அடுத்து அவள் அலறல்.

ஓடினேன். கதவு திறந்திருந்தது. பல்பு வெளிச்சத்தில், ஒன்பதாம் குவியல் மேல் ஸ்டெல்லா குப்புற விழுந்து கிடந்தாள். களைத்துப்போய்த் தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிறவளைப் போல. ஒரு கை சோளத்துக்குள் போயிருந்தது. தேசம்மா இரண்டாம் படியில் கால் வைத்துவிட்டாள்.

அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் வாசலில் விழுந்தோம்.

ஏன் இழுத்தேன் என்று பின்னால் பலர் கேட்டார்கள். நான் கீழ்ப் படியைப் பார்த்தேன். அதில் ஒரு தேரை, இரண்டு பல்லி, ஒரு சுண்டெலி, எல்லாம் செத்துக் கிடந்தன. அதற்கு மேல் படியில் ஒன்றுமே இல்லை. வெள்ளம் வந்து வடிந்த சுவரில் கோடு தெரியுமே, அந்த மாதிரி அங்கே ஒரு கோடு இருந்தது, கண்ணுக்குத் தெரியாமல். கற்பூரம் அந்தக் கோட்டில்தான் அணைந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் கட்டம் என் நினைவுக்கு வந்தது. முளைப்பு இழப்பு. முளைக்கும் மணி மூச்சு விடுகிறது, நம்மைப் போலவே. நல்ல காற்றை இழுத்துக் கெட்ட காற்றை விடுகிறது. கெட்ட காற்று கனமானது, கீழேதான் தேங்கும். மூன்று நாளாக நானூறு கிலோ சோளம் இழந்துகொண்டிருந்த எடை எங்கே போனது என்று நான் கேட்டதே இல்லை. அது எங்கும் போகவில்லை. அந்தக் குழிக்குள், இடுப்பளவு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஸ்டெல்லா சொன்னது சரி. உள்ளே மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது.

தேசம்மா என்னை உதறினாள். "வுடு மேடம்! அவ செத்துருவா!"

"நீயும் செத்துருவே! உள்ள நல்ல காத்து இல்ல. கெட்ட காத்து தண்ணி மாதிரி தேங்கி நிக்குது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு மூச்சு இழுத்தா விழுந்துருவே."

அவள் சட்டென்று அமைதியானாள். படிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தண்ணி மாதிரின்னா? ஏரில முங்கற மாதிரியா?"

"அப்படியேதான்."

"மூச்ச இழுத்துப் புடிச்சினு போலாமா?"

"போகலாம். ஆனா உள்ள வாயைத் திறக்கக் கூடாது."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா" என்று சொல்லிக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகினாள். அலறியவள் போய், தினம் ஏரியில் இறங்குகிறவள் வந்துவிட்டாள்.

அதற்குள் கரையிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஒருவர் உள்ளே பாயப் போனார். அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இரண்டு பேரிடம் கத்தினேன். ஃபாதரைக் கூப்பிடுங்கள் என்று ஒரு குரல், எலுமிச்சம்பழம் என்று இன்னொரு குரல். நான் எதற்கும் பதில் சொல்லவில்லை. தோணிக் கயிறு கேட்டேன், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னேன். நைனா என் முன்னால் வந்து நின்றார். தன் மகள் உள்ளே கிடக்கிறாள், வயசான மனிதர், இறங்கிவிடுவார் என்று பயந்தேன். "நைனா, பின்னாடி போய் அந்த ஓட்டையைத் திறந்து விடுங்க" என்றேன். அவர் தோணி தள்ளும் கழியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஏன் எதற்கு என்று கேட்கவே இல்லை.

தேசம்மாவின் இடுப்பில் கயிறு கட்டினோம். "இருபது எண்ணுவேன். தூக்கினாலும் தூக்காட்டியும் இருபதுல இழுத்துருவோம்" என்றேன். அவள் மூன்று முறை ஆழமாக மூச்சு வாங்கி, வாயை இறுக்கிக்கொண்டு இறங்கினாள். நான் எண்ணினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஸ்டெல்லாவின் கை போயிருந்த இடத்தில் வேர்கள் பின்னிப் பாய் போலக் கெட்டியாகியிருந்தன. அந்தப் பாய் மொத்தமும் அவளோடு சேர்ந்து எழுந்தது, அவளை விடாமல் பிடித்துக்கொண்டது போல. இருபது. இழுத்தோம். தேசம்மா வெறுங்கையோடு வெளியே வந்து விழுந்து இரைத்தாள்.

"சோளம் அவ கைய வுட மாட்டேங்குது மேடம்."

"வேரு அது. பிச்சுடு" என்றேன்.

இரண்டாவது கயிற்றைக் கையில் கொடுத்தோம். மறுபடி இறங்கினாள். இந்த முறை முதலில் வேர்ப் பாயைக் கிழித்தாள், அக்குளுக்குக் கீழே கயிற்றை விட்டுச் சுருக்குப் போட்டாள். பதினேழு எண்ணியபோது கையைத் தூக்கினாள். எல்லோரும் இழுத்தார்கள். அதே நேரத்தில் அறைக்குப் பின்னால் நைனாவின் கழி களிமண்ணை உடைக்கும் சத்தம் கேட்டது. அங்கே நின்றவர்கள் பின்னால் சொன்னார்கள்: அடைப்பு விட்டதும் ஒரு சத்தமும் இல்லையாம், வாடையும் இல்லையாம். துளைக்குக் கீழே சரிவில் படுத்திருந்த நாய் மட்டும் எழுந்து, மூக்கை மண்ணில் தேய்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தூரமாகப் போய்ப் படுத்ததாம்.

ஸ்டெல்லாவின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. கன்னத்தில் முளைவிட்ட மணிகள் ஒட்டியிருந்தன. முதலுதவி வகுப்பில் எப்போதோ கற்றதை வைத்து அவள் வாயில் வாய் வைத்து ஊதினேன். எத்தனை முறை என்று தெரியாது. கடைசியில் அவள் ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தாள். அந்த மாதிரிச் சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, கதவும் துளையும் இரவு முழுக்கத் திறந்து கிடந்த பிறகு, கயிற்றில் விளக்கைக் கட்டிக் கீழே இறக்கிப் பார்த்தேன். தரைவரை எரிந்தது. அதன் பிறகுதான் இறங்கினேன், வாசலில் தேசம்மா என் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க. ஒன்பதாம் குவியலில் ஸ்டெல்லா விழுந்த இடம் அப்படியே தெரியும் என்று எதிர்பார்த்தேன். ஒரு பக்கம் தோளின் பள்ளம் இருந்தது. கிழித்த இடத்தில் வேர்கள் நூல் நூலாக நின்றன. முகம் பதிந்திருந்த பள்ளத்தை மட்டும் காணோம். அவளைத் தூக்கிய பிறகு அந்த ஒரு இரவில் முளைகள் எழும்பி அதைச் சமமாக நிரப்பிவிட்டிருந்தன. சோளம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். இருந்தாலும் தேசம்மாவிடம் கயிற்றைச் சீக்கிரம் இழுக்கச் சொன்னேன்.

பிரிவுத் தலைவர் கெட்டவர் இல்லை. "அறை சரியில்லை, முளைகட்டியது கெட்டுவிட்டது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மற்றதை எழுதினால் திட்டமே நின்றுவிடும், அந்தப் பெண்களுக்கும் வேலை போய்விடும்" என்றார். அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. நான் ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன். துளையை அடைக்கச் சொன்னது நான், தலைவலி என்றபோது கேட்காதது நான், கற்பூரம் அணைந்ததைக் கேட்டும் ஆளை இறங்கவிட்டது நான் என்று பெயர் போட்டு எழுதினேன். திட்டம் ஒரு பருவம் நின்றது, பிறகு நடந்தது. நாலு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகையில் மறுபடி முளைகட்டினோம். ஒன்பதுதான் ஜெயித்தது, இனிப்பிலும், எடையை இழப்பதிலும். வேகமாக மூச்சு விடும் மணிதான் மாவை வேகமாகக் கரைக்கிறது, இரண்டும் ஒன்றுதான். சுண்ணாம்புக்குளத்துப் பெண்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தனியாக யாரும் குவியலைப் புரட்டுவதில்லை.

அந்த அறிக்கையை எழுதி முடிக்கும் முன் ஸ்டெல்லாவைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள் ஆகியிருந்தது. வலது கை லேசாக நடுங்கியது. டீ போட்டுக் கொடுத்தாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"ஏன் ஸ்டெல்லா தனியா இறங்கினே? தேசம்மா வரட்டும்னு சொல்லியிருந்தேனே."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதான மேடம் கூப்ட்டீங்க."

"நானா?"

"உள்ளேருந்து கூப்ட்டீங்க. ஸ்டெல்லா, இங்க வாம்மா, இந்தப் பக்கம் திருப்புன்னு. உங்க கொரலுதான். ரெண்டு வாட்டி கூப்ட்டீங்க."

நான் அப்போது ரூமுக்குப் பின்னால் மரத்தடியில் இருந்தேன். வாயே திறக்கவில்லை. அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் வாளி எடுக்க ஒருமுறை இறங்கி ஏறியிருந்தாள். அந்தக் காற்று தலைக்கு ஏறினால் இல்லாத குரல் கேட்கும், காரணமே இல்லாமல் பயம் வரும், அது உடம்பு தரும் எச்சரிக்கை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கும் அதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு பயமாதான் இருந்துது" என்றாள். "ஆனா நீங்க உள்ள கீறீங்கன்னு நெனச்சேன். படிச்சவங்க, அவங்களே பயப்படாம உள்ள நிக்கிறாங்க, நமக்கு இன்னா பயம்னு எறங்கிட்டேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அவள் விழுந்ததற்கு முந்தின நாள் மதியம் ஒன்பதாம் குவியல் மேல் குனிந்திருந்தபோது எனக்குப் பின்னால் ஒருவர் நின்றதைச் சொன்னேன். பயந்து ஓடி வந்ததைச் சொன்னேன். சூடு என்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

ஸ்டெல்லா திட்டவில்லை.

"அன்னிக்கே இத சொல்லியிருந்தீங்கன்னா நான் போயிருக்க மாட்டேன் மேடம்."

"ஆமாம்" என்றேன்.

வெளியே ஏரிக் காற்று ஓலையை அசைத்தது. அவள் எழுந்து வந்து என் எதிரே, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும்படியாக உட்கார்ந்தாள்.

"இப்ப இங்க உங்களுக்கு எதுனா தோணுதா?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை.

"இல்ல."

"தோணுச்சுன்னா சொல்லிடுங்க."